கொழுந்து நிறைச் செய்நிரல்: உள்ளீட்டைச் சரிபார்த்தல்

வணக்கம் தம்பி. நிறை கேட்கும் இடத்தில் ‘18 கிலோ’ என்று தட்டச்சு செய்ததும் பறித்த தேயிலைக் கொழுந்தின் நிறைக்குச் சம்பளம் கணக்கிடும் உங்கள் செய்நிரல் வேல்யூஎரர் (மதிப்புப் பிழை) காட்டி நின்றுவிடுவதற்குக் காரணம், பைதன் மொழியில் தட்டச்சு செய்வதை வாங்கும் இன்புட் எதையும் எழுத்துச்சரமாகவே தருவதும் அதை நீங்கள் சோதிக்காமல், எண்ணாக மாற்றும் ஃப்ளோட்டிடம் கொடுப்பதுமே.

நிறையைக் கேட்டு, பிழை வந்தாலும் செய்நிரல் நின்றுவிடாமல் கையாளும் ட்ரை, எக்செப்ட் கொண்டு சோதித்து, சரியான எண் கிடைக்கும்வரை வைல் சுற்றில் மறுபடி கேட்கும் வேலையை ‘நிறை_வாங்கு’ என்ற தனிச் சார்பிடம் (ஒரு வேலையை மட்டும் செய்யும் செய்நிரல் பகுதி) விடுங்கள். சம்பளம் கணக்கிடும் சார்பு எண்ணைப் பெற்று விடையை ரிட்டர்ன் செய்தால் (திருப்பித் தந்தால்) போதும், அதற்குள் இன்புட்டும் பிரின்ட்டும் வேண்டாம்.

ஃப்ளோட் ‘இன்ஃபினிட்டி’ (முடிவிலி) போன்ற ஆங்கிலச் சொற்களையும் எண்ணாக ஏற்றுக்கொள்ளும் (பலருக்கு இது தெரியாது). ஆகவே பூச்சியத்துக்குக் குறைந்ததை மறுப்பதோடு நிற்காமல், பூச்சியத்துக்கு மேலும் ஒருவர் ஒரு நாளில் பறிக்கக்கூடிய உச்ச நிறைக்குள்ளும் இருந்தால் மட்டும் ஏற்கும்படி நிபந்தனையை எழுதுங்கள்.