அம்மா அப்பாவை வீட்டுல வெச்சுப் பார்த்துக்கற செலவுக்குப் பணம் எங்கேருந்து எடுக்கறது? – வாசகர் கேள்வி பதில்

வயசான அப்பா அம்மாவுக்கு வீட்டுலயே ஆள் போட்டுப் பார்த்துக்கற செலவைப் பத்தி நிறைய பேர் எழுதியிருந்தீங்க. எல்லாருக்கும் பொதுவா ஒரு பதில் சொல்ல முடியாது, அதனால வேற வேற நிலைமைல இருக்கறவங்க கேள்வியா எடுத்துக்கிட்டேன். பேரு, ஊரு எல்லாம் எடுத்துட்டேன்.

கேள்வி: அம்மாவுக்கு 74 வயசு. ஸ்ட்ரோக் வந்து வலது பக்கம் வரல. பகலுக்கு ஒருத்தர், ராத்திரிக்கு ஒருத்தர்னு ஏஜென்சி மூலமா ஆள் வெச்சிருக்கோம். அப்பா மத்திய அரசு வேலைல இருந்தவர், அம்மாவுக்கு ஃபேமிலி பென்ஷன் வருது, ஆனா அது ஆள் சம்பளத்துக்கே பத்தல. அம்மா பேர்ல பேங்க்ல டெபாசிட் இருக்கு, அதைத் தொட மனசு வரல. நான் பர்சனல் லோன் போட்டு ஓட்டிட்டு இருக்கேன். எத்தனை நாளைக்கு இப்படி முடியும்?

பதில்: சகோதரி, முதல்ல அடுத்த லோன் போடறதை நிறுத்துங்க. அம்மாவோட டெபாசிட்டைத் தொட மனசு வரலன்னு சொல்றீங்க, அந்தப் பணத்தை அவங்களும் அப்பாவும் சேர்த்து வெச்சதே இந்த மாதிரி ஒரு நாளுக்குத்தானே, அது இப்ப அவங்களுக்கு உதவாம வேற எப்ப உதவப் போகுது? நீங்க அதிக வட்டிக்குக் கடன் வாங்கி அம்மா டெபாசிட்டைக் காப்பாத்தறீங்க, கடைசில அந்த டெபாசிட்டை எல்லாப் பிள்ளைகளும் பங்கு போட்டுக்குவாங்க, கடன் மட்டும் உங்க தலைல நிக்கும். இதைக் கொஞ்சம் கறாராத்தான் சொல்றேன், ஏன்னா இப்படி முழுகிப்போன குடும்பங்களை நிறைய பார்த்துட்டேன்.

அந்த டெபாசிட் சாதாரண எஃப்டில கிடந்தா போஸ்ட் ஆபீஸ்லயோ பேங்க்லயோ சீனியர் சிட்டிசன் சேமிப்புத் திட்டத்துக்கு மாத்த முடியுமான்னு பாருங்க. 60 வயசு முடிஞ்சவங்க ஒருத்தர் 30 லட்சம் வரை போடலாம், 2023 ஏப்ரலுக்கு முன்னாடி இது 15 லட்சமாத்தான் இருந்துச்சு. அந்த ஏப்ரல்ல வட்டியும் 8.2% ஆச்சு, கவர்மென்ட் மூணு மாசத்துக்கு ஒருதடவை வட்டியை மாத்தலாம், ஆனா நீங்க கணக்கு ஆரம்பிக்கற அன்னிக்கு என்ன வட்டியோ அது 5 வருஷத்துக்கு மாறாது. 8.2%ன்னா 10 லட்சத்துக்கு மூணு மாசத்துக்கு ஒருதடவை 20,500 ரூபா கைக்கு வரும், முழு 30 லட்சம்னா 61,500. மாசாமாசம் வேணும்னா போஸ்ட் ஆபீஸ் மாத வருமானத் திட்டம் இருக்கு, அதுல தனிப் பேர்ல 9 லட்சம் வரைதான் போட முடியும். எல்லாத்தையும் கொண்டுபோய் பூட்டிடாதீங்க, ஆறு மாச ஆள் சம்பளம் அளவுக்கு எடுக்க வசதியான கணக்குல இருக்கட்டும். சீனியர் திட்டத்தை ஒரு வருஷத்துக்கு முன்னாடி உடைச்சா வட்டியே கிடையாது, ரெண்டு வருஷத்துக்குள்ள உடைச்சா 1.5% பிடிப்பாங்க, அதுக்கப்புறம் 1%.

உங்க கூடப்பிறந்தவங்க மாசாமாசம் அனுப்பறதுக்குப் பதிலா மொத்தமா கொஞ்சம் கொடுக்க முடிஞ்சா அதையும் அம்மா பேர்லயே போடலாம். பிள்ளைங்க பெத்தவங்களுக்குக் கொடுக்கற பணத்துக்கு வரி கிடையாது, அதுல வர்ற வட்டி அம்மா வருமானமாத்தான் சேரும், கொடுத்தவங்க வருமானத்துல சேராது. ஒண்ணு மட்டும் கவனம், அம்மா பேர்ல போட்டா அது அம்மா பணம், நாமினி போட்டதால மட்டும் நாமினிக்கே சொந்தம் ஆகிடாது, அதனால யார் எவ்வளவு போட்டாங்கன்னு எழுதி வெச்சு அம்மா தெளிவா இருக்கும்போதே உயிலும் எழுதிடறது நல்லது.

பென்ஷன் பத்தி ஒரு விஷயம். மத்திய அரசு பென்ஷன்லயும் ஃபேமிலி பென்ஷன்லயும் 80 வயசு முடிஞ்சா அடிப்படைல 20% கூடும், 85க்கு 30%, 90க்கு 40%. அம்மாவுக்கு இன்னும் ஆறு வருஷம் இருக்கு, ஆனா பென்ஷன் ஆர்டர்ல பிறந்த தேதி சரியா ஏறியிருக்கான்னு இப்பவே பாருங்க, தேதி இல்லாம இருந்தா அந்த நேரத்துல பென்ஷன் கூடாம நின்னுபோகும்.

செலவுப் பக்கமும் பாருங்க. டியூப், புண்ணுக்குக் கட்டு, ஊசின்னு வேலை இருந்தாத்தான் படிச்ச நர்ஸ் வேணும், குளிப்பாட்டறது, டயப்பர் மாத்தறது, திருப்பிப் படுக்க வைக்கறதுக்கு அட்டெண்டர் போதும், ரெண்டுக்கும் சம்பளத்துல பெரிய வித்தியாசம். டிஸ்சார்ஜ் ஆனப்ப போட்ட நர்ஸையே மாசக்கணக்குல வெச்சிருக்காங்க நிறைய பேர், தேவை முடிஞ்சும். கட்டில், சக்கர நாற்காலி, ஆக்சிஜன் மெஷின் எல்லாம் வாடகைக்கே கிடைக்குது. ஆனா ராத்திரி ஆளை நிறுத்திட்டு நீங்களே முழிச்சுக்கறேன்னு மட்டும் முடிவு பண்ணிடாதீங்க, அதுல ரெண்டாவது நோயாளி நீங்களாயிடுவீங்க.

கேள்வி: அப்பா செலவுக்கு எனக்கு இன்கம் டாக்ஸ்ல ஏதாவது குறையுமா?

பதில்: பழைய வரி முறைல இருந்தா குறையும், புது முறைல இந்தக் கழிவு எதுவும் கிடையாது. 60 வயசு தாண்டின அப்பா அம்மாவுக்கு இன்சூரன்ஸ் பிரீமியம் கட்டினா 50,000 வரை கழிக்கலாம், இன்சூரன்ஸே இல்லன்னா அவங்க மருத்துவச் செலவையே அதே 50,000 வரை கழிக்கலாம், ஆனா கேஷா கொடுத்திருக்கக் கூடாது. பார்க்கின்சன், டிமென்ஷியா, கேன்சர் மாதிரி பட்டியல்ல இருக்கற நோய்க்கு ஸ்பெஷலிஸ்ட் டாக்டர் சீட்டு இருந்தா 1 லட்சம் வரை. உங்களையே நம்பி இருக்கற அப்பாவுக்கு 40% ஊனம்னு சர்டிபிகேட் இருந்தா 75,000, 80%மோ அதுக்கு மேலயோ இருந்தா 1,25,000, இதுக்கு எவ்வளவு செலவாச்சுங்கறது கணக்கு இல்ல, முழுசாவே கழியும். ரெண்டு முறைலயும் போட்டுப் பார்த்துட்டு எது லாபமோ அதை எடுங்க.

கேள்வி: ஹெல்த் இன்சூரன்ஸ் இருக்கு, 70 வயசுக்கு மேல இருக்கறவங்களுக்கான 5 லட்சம் கார்டும் வாங்கிட்டோம். இதுல வீட்டுக்கு வர்ற நர்ஸ் சம்பளம் கிடைக்குமா?

பதில்: கிடைக்காதுங்க, ரொம்ப பேர் இதை நம்பித்தான் ஏமாறாங்க. ஆயுஷ்மான் பாரத்துல 2024 அக்டோபர் 29ல இருந்து 70 வயசு ஆன எல்லாருக்கும் வருமானம் பார்க்காம வருஷத்துக்கு 5 லட்சம் கவர் இருக்கு, ஆனா அது ஆஸ்பத்திரில அட்மிட் ஆனாத்தான், டிஸ்சார்ஜுக்கு அப்புறம் 15 நாள் வரைக்குமான மருந்து, டெஸ்ட் அதுல வரும், அவ்வளவுதான். பிரைவேட் பாலிசில வீட்டுலயே சிகிச்சைன்னு ஒரு பிரிவு இருக்கும், ஆஸ்பத்திரில சேர்க்க வேண்டிய அளவு நோய், ஆனா நோயாளியை நகர்த்த முடியல, இல்லன்னா ஆஸ்பத்திரில பெட் கிடைக்கல, சிகிச்சையும் மூணு நாளுக்கு மேல போகுதுன்னா தருவாங்க. தினப்படி பார்த்துக்கறதுக்கு இல்ல. சில பாலிசில ஹோம் நர்சிங்னு தனியா சேர்த்திருப்பாங்க, உங்க பாலிசி பேப்பரை எடுத்துப் படிச்சுப் பாருங்க. இருந்தாலும் கார்டை விட்டுடாதீங்க, ஆஸ்பத்திரி பில் அதுல போனா கையிருப்பு வீட்டுச் செலவுக்கு மிஞ்சும்.

கேள்வி: மாமியார் படுத்த படுக்கை. நான் வேலையை விட்டுட்டு பார்த்துக்கறேன். கொழுந்தனார், நாத்தனார் எல்லாம் "நீங்க வீட்டுலதானே இருக்கீங்க அண்ணி"ன்னு சொல்லிட்டு மருந்துக்கு மட்டும் பங்கு தர்றாங்க. பணம் கேட்டா அம்மாவைப் பார்த்துக்க காசான்னு கேப்பாங்களோன்னு பயமா இருக்கு.

பதில்: கேளுங்கம்மா. தயங்காம கேளுங்க. உங்க கேள்வியை இந்தப் பக்கத்துல போட முக்கியக் காரணமே, இதே நிலைமைல இருக்கற எத்தனையோ மருமகளும் மகளும் வாயத் திறக்காம இருக்காங்கன்னுதான்.

நீங்க விட்ட சம்பளம் ஒரு செலவுதான், அதை இப்ப ஒரே ஆள் கட்டிட்டு இருக்கீங்க. சம்பளம் மட்டுமா, அதோட போன பி.எஃப், இன்க்ரிமென்ட், நாளைக்குத் திரும்ப வேலைக்குப் போனா கிடைக்கப்போற குறைஞ்ச சம்பளம், இத்தனையும் சேர்ந்துதான் கணக்கு, யாரும் இதைக் கூட்டிப் பார்க்கறதே இல்ல. நீங்க இல்லன்னா பகலுக்கும் ராத்திரிக்கும் ஆள் போட எவ்வளவு ஆகும்னு ரெண்டு ஏஜென்சில கேட்டு எழுதிக்கோங்க. அந்தத் தொகையை வெச்சு உங்க வீட்டுக்காரர் அவர் கூடப்பிறந்தவங்ககிட்ட பேசட்டும், நீங்க இல்ல, அவர். அது அவரோட அம்மா.

எப்படிப் பிரிக்கறதுன்னா, சமபங்குன்னு ஆரம்பிச்சா சண்டைதான் வரும், ஒருத்தருக்கு நல்ல சம்பளம், ஒருத்தருக்கு ரெண்டு பிள்ளைங்க காலேஜ் ஃபீஸ். முதல்ல மாமியாரோட வருமானம், சேமிப்பைக் கழிச்சுட்டு மிச்சத்தை அவங்கவங்க வருமானத்துக்கு ஏத்த மாதிரி பிரிங்க. பணம் தர முடியாதவங்க நேரம் தரட்டும், மாசத்துல ஒரு வாரம் அத்தையைத் தன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம், இல்ல இங்க வந்து இருக்கலாம். செலவுக்குன்னு தனியா ஒரு பேங்க் கணக்கு வெச்சு எல்லாரும் அதுல போட்டு, அதுலருந்தே மருந்து, டயப்பர், உங்களுக்கான தொகை எல்லாம் போகட்டும், மாசக் கடைசில ஸ்டேட்மென்டை ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்ல போட்டுடுங்க. சந்தேகத்துக்கே இடம் இருக்காது. பாசம் இருக்கறதாலதான் நீங்க பார்த்துக்கறீங்க, அதுல யாருக்கும் சந்தேகம் இல்ல, ஆனா உங்க பாசத்தை வெச்சு மத்தவங்க பணத்தை மிச்சம் பிடிக்கறது நியாயம் இல்ல.

கேள்வி: நானும் மனைவியும் தனியா இருக்கோம். சொந்த வீடு தவிர பெருசா ஒண்ணும் இல்ல. வீட்டை விக்காம அதுலருந்து பணம் எடுக்க வழி இருக்கா?

பதில்: இருக்குங்க ஐயா. ரிவர்ஸ் மார்ட்கேஜ்னு பேரு, 2007-08 மத்திய பட்ஜெட்ல அறிவிச்சாங்க, நேஷனல் ஹவுசிங் பேங்க் விதிமுறை போட்டுச்சு. 60 வயசு ஆன சொந்த வீட்டுக்காரருக்கு வீட்டு மதிப்புல ஒரு பகுதியை பேங்க் மாசாமாசமோ மூணு மாசத்துக்கு ஒருதடவையோ கொடுக்கும், 20 வருஷம் வரை. நீங்க அதே வீட்டுலதான் இருப்பீங்க, உங்க ரெண்டு பேர் காலம் வரை திருப்பிக் கட்ட வேண்டாம், வர்ற பணத்துக்கு வரியும் கிடையாது, ஏன்னா அது கடன். காலத்துக்கு அப்புறம் பிள்ளைங்க கடனைக் கட்டி வீட்டை எடுத்துக்கலாம், இல்லன்னா பேங்க் வித்து தன் பணத்தை எடுத்துட்டு மிச்சத்தை வாரிசுக்குக் கொடுக்கும். வட்டி மேல வட்டி ஏறும்ங்கறது உண்மை, வீட்டு வரி, ரிப்பேர் எல்லாம் நீங்கதான் பார்க்கணும், தர்ற பேங்க்கும் குறைவு, நாலு இடம் ஏறி இறங்கணும். அதுக்கு முன்னாடி ஒரு போர்ஷனை வாடகைக்கு விட முடியுமான்னு பாருங்க, வாடகையும் வரும், பக்கத்துல ஆளும் இருக்கும். பிள்ளைங்ககிட்ட முன்னாடியே சொல்லிடுங்க, ஆனா அவங்க சம்மதிச்சாத்தான்னு இல்ல, வீடு உங்களோடது.

கேள்வி: பார்த்துக்கறேன்னு சொன்னான்னு வீட்டைப் பையன் பேருக்கு செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்துட்டேன். இப்ப அட்டெண்டர் சம்பளத்தையே நிறுத்திட்டான்.

பதில்: அம்மா, உங்களுக்காகவே ஒரு சட்டம் இருக்கு, 2007ல வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம். அதுல 23வது பிரிவு, பார்த்துக்கணும்ங்கற நிபந்தனையோட எழுதிக் கொடுத்து அவங்க பார்த்துக்கலன்னா அந்தப் பத்திரத்தையே செல்லாதுன்னு அறிவிக்கலாம்னு சொல்லுது. நிபந்தனை எழுத்துல இருக்கணும்னு 2022ல சுப்ரீம் கோர்ட் ஒரு வழக்குல சொல்லிச்சு, 2025 ஜனவரில இன்னொரு வழக்குல இந்தச் சட்டத்தைப் பெரியவங்களுக்குச் சாதகமாத்தான் படிக்கணும்னு சொல்லி, மகனுக்கு எழுதின தானப் பத்திரத்தை ரத்து பண்ணுச்சு. உங்க பத்திரத்துல அந்த வரி இருக்கான்னு முதல்ல பாருங்க, கூடவே வேற காகிதத்துல பையன் எழுதிக் கொடுத்தது ஏதாவது இருந்தாலும் எடுத்து வைங்க. பத்திரம் ரத்தாகுதோ இல்லையோ, பையன்கிட்டருந்து மாச ஜீவனாம்சம் கேக்கற உரிமை தனியா இருக்கு, சட்டத்துல உச்சவரம்பு மாசம் 10,000 ரூபா. மனு கொடுக்க வேண்டியது வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) ஆபீஸ்ல, நீங்களே எழுதிக் கொடுத்தா போதும். எப்படிப் போறதுன்னு தெரியலன்னா 14567க்கு போன் பண்ணுங்க, முதியோருக்கான ஹெல்ப்லைன்.

கேள்வி: எங்க வீட்டுல பென்ஷனும் இல்ல, சேமிப்பும் இல்ல. கூலி வேலை. அப்பாவால எழுந்து நடக்க முடியல.

பதில்: தம்பி, தமிழ்நாட்டுல இருந்தா மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல கேளுங்க, 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்சது. பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வரும், பிசியோதெரபியும், படுக்கைல இருக்கறவங்களுக்கான வலி நிவாரணச் சிகிச்சையும் வீட்டுக்கே வந்து பண்றாங்க, காசு கிடையாது, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல பேரைப் பதியணும். முதியோர் உதவித்தொகை 2023ல மாசம் 1,200 ஆ உயர்த்தினாங்க, அதுக்குத் தாலுகா ஆபீஸ்ல மனு. ஊனச் சான்றிதழும் வாங்குங்க, கடுமையா பாதிக்கப்பட்டவங்களுக்குத் தனி பராமரிப்பு உதவித்தொகை இருக்கு, ஒருத்தருக்கு ரெண்டும் சேர்த்துத் தர மாட்டாங்க, அதனால எது கூட வருதுன்னு அங்கேயே கேட்டு அதுக்கு எழுதுங்க.

கேள்வி: அப்பாவுக்கு டிமென்ஷியா ஆரம்பம்னு டாக்டர் சொல்லிட்டார். அவர் கணக்குல பணம் இருக்கு, ஆனா தனிக் கணக்கு. நாளைக்கு என்ன பண்றது?

பதில்: நாளைக்கு வரை தள்ளாதீங்க, இந்த வாரமே பேங்க்குக்குப் போங்க. அப்பா என்ன கையெழுத்துப் போடறோம்னு புரிஞ்சு போடற நிலைமைல இருக்கும்போதே கணக்கை ஜாயின்ட் ஆக்கி, ரெண்டுல யார் வேணா எடுக்கலாம்னு மாத்திடுங்க. கை நடுக்கம்னா கைநாட்டு வைக்கலாம், ரெண்டு சாட்சி வேணும், அதுல ஒருத்தர் பேங்க் அதிகாரி. 70 தாண்டினவங்களுக்கு வீட்டுக்கே வந்து அடிப்படைச் சேவை தரணும்னு ரிசர்வ் பேங்க் 2017லயே சொல்லியிருக்கு, மேனேஜர்கிட்ட எழுத்துல கேளுங்க. பவர் ஆஃப் அட்டர்னி மட்டும் வாங்கி வெச்சுட்டு நிம்மதியா இருக்காதீங்க, அப்பாவுக்குப் புரியற சக்தி போயிட்டா அந்தப் பவரும் நிக்காது, அப்புறம் ஹைகோர்ட்ல கார்டியனா நியமிக்கச் சொல்லி உத்தரவு வாங்கிட்டு வரணும், அதுவரைக்கும் அவர் பணம் அவருக்கே உதவாம பேங்க்லயே கிடக்கும். எஃப்டி, போஸ்ட் ஆபீஸ், எல்ஐசி எல்லாத்துலயும் நாமினி யாருன்னு அதே நடையில பார்த்துடுங்க.