குண்டு கோல்கீப்பர் கோமாளியா?

கேள்வி: நூறாண்டுக்கு முன் இங்கிலாந்தில் பில்லி ஃபோல்க் என்ற மகா குண்டு கால்பந்து கோல்கீப்பர் இருந்தாராம். ஓய்வுக்குப் பின் பிளாக்பூல் கடற்கரையில் சில்லறைக் காசுக்குப் பந்து தடுத்து, குளிரில் நிமோனியா கண்டு இறந்தாராம். இவரை ஆட்டக்காரர் என்பதா, கோமாளி என்பதா?

பதில்: நிமோனியா வெறும் கட்டுக்கதை. 1916 மே மாதம் ஷெஃபீல்டில், 42 வயதில் ஃபோல்க் இறந்தார். இறப்புச் சான்றிதழ் சொல்லும் காரணம் ஈரல் சுருக்க நோய். கடற்கரையும் குளிரும் கேட்பவரை உருக்குவதால் அந்தக் கதைக்கு ஆயுள் கெட்டி.

நீங்கள் கோமாளி என்கிறவர்தான் 1894 முதல் 1905 வரை ஷெஃபீல்ட் யுனைடெட் அணியின் கோலைக் காத்தவர். 1898-இல் லீக் பட்டம், 1899-இலும் 1902-இலும் எஃப்.ஏ. கோப்பை, அதாவது இங்கிலாந்து கால்பந்துச் சங்கக் கோப்பை. போதாதென்று 1900-இல் டெர்பிஷயருக்காக முதல்தரக் கிரிக்கெட்டும் ஆடினார். இங்கிலாந்து அணிக்கு மட்டும் ஒரே ஓர் ஆட்டம், 1897-இல் வேல்ஸுக்கு எதிராக. தேர்வாளர்கள் கண்ணுக்கும் உங்கள் கண்ணுக்கும் ஒரே கோளாறோ என்னவோ!

அந்தக் கால விதிகளையும் கொஞ்சம் பாருங்கள். பந்தைப் பிடித்திருக்கும் கோல்கீப்பரை எதிரணி முன்கள வீரர்கள் தோளால் இடித்து, பந்தோடு சேர்த்து கோலுக்குள் தள்ளலாம். நடுவர் தடுக்க மாட்டார். 1912 வரை கோல்கீப்பர் தம் பாதி மைதானம் முழுவதிலும் பந்தைக் கையால் தொடலாம். ஆறடிக்கு மேல் உயரமும் பின்னாளில் 125 கிலோவைத் தாண்டிய எடையும் கொண்ட ஆளை இடித்துப் பார்க்க எத்தனை பேருக்குத் துணிவு வரும்? இன்றைய கோல்கீப்பரைச் சற்று உரசினாலே விசில் ஊதுகிறார்கள். இன்றைய கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவரைப் பார்த்தால் தொப்பைதான் தெரியும்.

1905-இல் புதிதாகத் தொடங்கிய செல்சி அணி, 50 பவுண்டு கொடுத்து வாங்கி அவரையே அணித்தலைவராக்கியது. வேடிக்கை காட்டவும் தவறவில்லை: அவர் இன்னும் பெரிதாகத் தெரியட்டும் என்று கோலுக்குப் பின்னால் சின்னப் பையன்களை நிறுத்தியதாம். அங்கே ஒரே பருவம். பிறகு பிராட்ஃபோர்ட் சிட்டி அணிக்கு ஆடியதோடு அவர் கால்பந்து வாழ்க்கை முடிந்தது.

சிரித்தே தீர வேண்டுமென்றால் அவர் கோபத்தைப் பார்த்துச் சிரியுங்கள். 1902 எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தில் எதிரணியான சவுத்தாம்ப்டன் கடைசி நேரத்தில் போட்டு ஆட்டத்தைச் சமனாக்கிய கோல் செல்லாது என்று கொதித்தவர், ஆட்டம் முடிந்ததும் உடம்பில் துணியில்லாமல் நடுவர் கிர்க்காமைத் தேடிப் புறப்பட்டார் என்றும், நடுவர் ஓர் அலமாரிக்குள் ஒளிந்துகொண்டார் என்றும் சொல்வார்கள். ஒரு வாரம் கழித்து நடந்த மறு ஆட்டத்தில் அதே சவுத்தாம்ப்டனை 2-1 என்று வென்றது ஷெஃபீல்ட் யுனைடெட். கோலில் நின்றவர் உங்கள் கோமாளிதான்.