பொயின்ட் 22 றைபிளுக்கு இராணுவச் சாயலில் மர ஸ்டொக்: கேள்வி பதில்

கனடாவில் ஸ்டொக், அதாவது துப்பாக்கியைத் தாங்கும் மரக்கட்டை, செய்யும் பட்டறை ஒன்றில் வேலை பார்த்துவிட்டு இப்போது யாழ்ப்பாணத்தில் கதவு, நிலை, கட்டில் செய்கிறேன். மரவேலையைப் பற்றி என்னவும் கேட்கலாம். துப்பாக்கியின் உள்பொறியைக் கிண்டுவது பற்றிக் கேட்டால் பதில் வராது.

டொரொன்டோவிலிருந்து ஒரு தம்பி: என்னிடம் ருகர் 10/22 இருக்குது அண்ணை. எம்1 கார்பைன் மாதிரி ஸ்டொக் செய்ய ஆசை. எங்கே தொடங்குவது?

முதலில் மகசினை, அதாவது தோட்டாப் பெட்டியை, கழற்றி, அறைக்குள் தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். அதற்குப் பிறகுதான் திருகாணியில் கை வைக்க வேண்டும்.

நல்ல தெரிவு, தம்பி. எம்1 கார்பைன் என்ற குட்டை றைபிளை அமெரிக்க இராணுவம் ஏற்றது 1941இல், உங்கள் 10/22 வந்தது 1964இல். அது பொயின்ட் 22, அதாவது 0.22 அங்குலக் குண்டு சுடும் அரைத் தானியங்கி: விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு குண்டு, அடுத்த தோட்டா தானாக ஏறும். குழல் நீளம் ஏறக்குறைய ஒன்றுதான், குழலைச் சுற்றிய பட்டையும் ருகரின் பழைய கார்பைன் வடிவத்தில் ஏற்கெனவே இருக்கிறது. அதனால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஆனால் எல்லோரும் செய்கிற தவறு என்னவென்றால், கார்பைனின் படத்தை முழு அளவில் அச்சடித்துப் பலகையில் ஒட்டிவிட்டு, அதற்குள் ருகரை எப்படி நுழைப்பது என்று பிறகு யோசிப்பது. தலைகீழாகச் செய்யுங்கள். ருகரின் உடலை, அதாவது பொறி அடங்கிய உலோகப் பகுதியை, மரத்தில் பிடித்து வைத்திருப்பது மகசினுக்கு முன்னால் உள்ள ஒரே ஒரு திருகாணிதான். அந்தத் துளையை முதலில் குறியுங்கள், அதிலிருந்து எல்லாவற்றையும் அளந்து வாருங்கள். குறுக்கே தள்ளும் பாதுகாப்புப் பொத்தானை நடுவில் நிறுத்தினால்தான் உடல் மரத்துக்குள் இறங்கும், ஏறும். இது தெரியாமல் சுத்தியலால் தட்டி மரத்தைப் பிளந்தவர்கள் உண்டு.

அடுத்தது கன்னம் வைக்கும் இடம். கார்பைனில் அது தாழ்வாக இருப்பது இரும்புக் குறிகளுக்காக. நீங்கள் ஸ்கோப் என்ற குறிபார்க்கும் தொலைநோக்கி பூட்டினால் கண் மேலே போகும், கன்னம் அந்தரத்தில் நிற்கும். இராணுவக் கோடு கொஞ்சம் கெட்டாலும் பரவாயில்லை, அந்த இடத்தை உயர்த்துங்கள். விசையிலிருந்து பின்முனை வரை பதின்மூன்றரை அங்குலம் என்று எல்லோரும் சொல்வார்கள், ஆனால் டொரொன்டோக் குளிரில் தடித்த ஜக்கெற் போட்டுக்கொண்டு சுடுபவருக்கு அது நீளம். தங்கள் இராணுவ றைபிளான லீ-என்பீல்டின் பின்கட்டையையே பிரிட்டிஷ்காரர் அரை அங்குல வித்தியாசத்தில் பல அளவுகளில் செய்து ஆளுக்கேற்பக் கொடுத்தார்கள்.

தோள்வார் கோர்க்கும் பின்கட்டைத் துளையை விட்டுவிடாதீர்கள். அசலில் எண்ணெய்க் குப்பியே அந்த வாரைப் பிடித்து வைத்திருக்கும். கார்பைன் சாயலை ஒரே பார்வையில் காட்டிக்கொடுப்பது அதுதான். மகசின் வெளியே நீட்டிக்கொண்டிருக்கவில்லை என்று கவலைப்பட வேண்டாம். ருகரின் பத்துத் தோட்டா மகசின் வயிற்றோடு ஒட்டி நிற்பதுதான் அதன் அழகு, கீழே பொய் மகசின் ஒட்டுகிற வேலை வேண்டாம்.

சிட்னியிலிருந்து: எனக்கும் அதே கார்பைன் ஸ்டொக் வேணும்.

உங்களுக்கு வேண்டாம். 1996க்குப் பிறகு அங்கே அரைத் தானியங்கி பொயின்ட் 22 உரிமத்தில் சி வகை, எல்லோருக்கும் கிடைக்காது. அதற்கு மேல், நியூ சவுத் வேல்ஸில் இராணுவ அரைத் தானியங்கியைத் தோற்றத்தில் ஒத்திருந்தாலே தடைப் பட்டியலில் விழும், குண்டின் அளவு கணக்கில்லை. ஒவ்வொரு சூட்டுக்கும் கையால் இழுத்துத் தள்ளும் போல்ட் றைபிளுக்கு லீ-என்பீல்ட் சாயல் என்றால் கதை வேறு. அதையும் பொலிஸ் பதிவகத்திடம் எழுத்தில் கேட்ட பிறகே மரம் வாங்குங்கள்.

சாவகச்சேரியிலிருந்து: இங்கே ஒன்று செய்து தருவீர்களா?

இல்லை. இங்கே 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் இருக்கிறது, அனுமதிப்பத்திரம் இல்லாமல் எதுவும் இல்லை. நம் ஊரில் அந்த வடிவத்தில் ஒரு வெறும் கட்டையைக்கூடத் தோளில் வைத்துக்கொண்டு றோட்டில் நடக்காதீர்கள். விளையாட்டுக்குக்கூட.

பிரம்டனிலிருந்து: என்ன மரம் நல்லது? ஊரிலிருந்து முதிரை கொண்டுவரலாமா? பனை?

வால்நட். அங்கேயே கிடைக்கிறது, வெட்ட இலகு, பாரம் குறைவு. முதிரை பார்க்கப் பொன் மாதிரி இருக்கும், ஆனால் வால்நட்டைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு பாரம். அதன் தூள் பட்டுத் தோல் தடித்து வீங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன், முகமூடியும் நீளக் கைச் சட்டையும் இல்லாமல் அரத்தாள் போடக் கூடாது. தேக்கு உளியின் முனையைத் தின்னும். பூவரசு நல்ல மரம்தான், ஆனால் வேலியில் வளைந்து வளர்ந்ததில் நேரான துண்டு கிடைப்பது அபூர்வம். எந்த மரமானாலும் கை பிடிக்கும் கழுத்துப் பகுதியில் நார் நேராக ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் கீழே விழுந்த அன்றைக்கே முறியும்.

இன்னொன்று, இங்கே காய்ந்த மரம் அங்கே காய்ந்த மரம் ஆகாது. குளிர்காலத்தில் ஹீற்றர் ஓடும் வீட்டுக்குள் அது இன்னும் சுருங்கும். சில மாதம் வீட்டுக்குள் வைத்திருந்துவிட்டுக் கடைசிக் குடைவு வேலையைச் செய்யுங்கள்.

பனை வேண்டாம்.

அதே ஆள்: ஏன் பனை வேண்டாம்? எங்கள் வீட்டுக் கூரை தாத்தா காலத்திலிருந்து பனையில்தான் நிற்குது.

நிற்கும். கூரையின் வளை, சிலாகை ஆகிய மரங்கள் நீளத்துக்கு அறுத்து நீளத்துக்கே பாரம் தாங்குகிறவை, அதில் பனையை வெல்ல ஆளில்லை. ஸ்டொக் என்பது வளைவும் குழிவுமாக நாரைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிற வேலை. பனையில் கறுப்பு நார் ஒவ்வொன்றும் கம்பி, இடையில் இருப்பது சோத்தி, மென்மையான சதை. உளி வைத்தால் நார் பிடுங்கிக்கொண்டு வரும், கன்னத்தில் சிராம்பு ஏறும்.

கொக்குவிலிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஐயா: பனையைக் குறைத்துப் பேசுவது யாழ்ப்பாணத்தானுக்கு அழகா?

ஐயா, நான் பனங்கட்டி இல்லாமல் தேநீர் குடிப்பதில்லை. வெளியே வைரம், அதாவது கெட்டியான பகுதி, உள்ளதைப் புல் என்றும் உள்ளே வைரம் உள்ளதை மரம் என்றும் பழைய இலக்கணக்காரர் பிரித்ததை நீங்கள்தான் பிள்ளைகளுக்குப் படிப்பித்திருப்பீர்கள். பனை அந்தப் புல் வகை, அதன் வெளி வைரம் சில அங்குலத் தடிப்புக்குள் முடிந்துவிடும். அதில் ஸ்டொக்குக்கு வேண்டிய உயரத்துக்கு எப்படித் துண்டு எடுப்பது?

லண்டனிலிருந்து: வைரத்தை மட்டும் பட்டை பட்டையாக அறுத்து எபொக்சிப் பசையால் ஒட்டினால்?

இப்போதுதான் ஒரு தச்சன் பேசுகிறான். ஒட்டலாம், உயரப் பிரச்சினை தீரும். ஆனால் ஒட்டிய பிறகும் செதுக்கும்போது நார் குறுக்கே வெட்டுப்படும், அது மாறாது. முழு ஸ்டொக்கை விட்டுவிட்டு, குழலுக்கு மேலே வருகிற கைக்காப்பு மூடியை மட்டும் பனையில் செய்து பாருங்கள். அது நீள ஓட்டம், வளைவு குறைவு, கறுப்புக் கோடுகள் அழகாகத் தெரியும். செய்தால் படம் போடுங்கள்.

மொன்றியல்: பனை பற்றி…

முடிந்தது. மேலே வாசியுங்கள்.

மெல்பேண்: போல்ட் பொயின்ட் 22க்கு லீ-என்பீல்ட் மாதிரி குழலின் வாய் வரை மரம் போடலாமா?

போடலாம். பிரிட்டிஷ்காரரே அதே உடலில் பொயின்ட் 22 பயிற்சி றைபிள் வைத்திருந்தார்கள், மலிந்த தோட்டாவில் அதே பாரம், அதே பிடி பழகட்டும் என்று. ஆனால் அசலில் அவ்வளவு மரம் இருந்தது சூடேறிய குழலிலிருந்து கையைக் காக்க. உங்கள் குழல் சூடாகப் போவதில்லை, மெல்லியது வேறு. மழைக்கு மரம் ஊதிக் குழலைத் தள்ளினால் குறி மாறும். குழலுக்கும் மரத்துக்கும் இடையில் ஒரு கல்யாண அழைப்பிதழ் அட்டையை நுழைத்து முன்முனையிலிருந்து உடல் வரை இழுங்கள், எங்கேயும் சிக்கக் கூடாது. அசல் தடிப்பையும் அப்படியே எடுக்காதீர்கள், ஒல்லி உடலுக்கு அது பெரியப்பாவின் சட்டை.

ஸ்காபரோ: வார்னிஷா எண்ணெயா?

ஆளிவிதை எண்ணெய். மெல்லியதாகப் பூசி, துடைத்து, காயவிட்டு, திரும்பவும். துடைத்த துணியைச் சுருட்டிக் கூடைக்குள் போடாதீர்கள், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீருக்குள் போடுங்கள்.

ஒட்டாவா: எண்ணெய் பூசிய பிறகு ஒட்டுகிற மாதிரி இருக்குது, என்ன செய்ய?

தடிப்பாகப் பூசிவிட்டீர்கள். டர்பன்டைனில் நனைத்த துணியால் துடைத்தெடுத்து மெல்லியதாகத் தொடங்குங்கள். அந்தத் துணியையும் விரித்துத்தான் காயவிட வேண்டும்.

வின்னிபெக்: என்ன மரம் நல்லது?

வால்நட்.