திவால் மனு போட 680 பவுண்டை எங்கிருந்து புரட்டுவது?

“இங்கிலாந்தில் திவாலாக விண்ணப்பிக்க 680 பவுண்டு கட்ட வேண்டுமாம். அவ்வளவு பணம் கையில் இருந்தால் நான் ஏன் திவாலாகப் போகிறேன்?” என்று கேட்டிருக்கிறீர்கள். 2019இல் கிழக்கு லண்டனில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் இரவுப் பணி பார்த்துக்கொண்டே இதே கேள்வியை நானும் கேட்டவன். மச்சானோடு சேர்ந்து நடத்திய மளிகைக் கடை பதினான்கு மாதத்தில் மூடியது. என் பெயரில் நான்கு கிரெடிட் கார்டு, ஒரு வங்கிக் கடன், எல்லாம் சேர்ந்து 31,000 பவுண்டு. ஊரில் என்றால் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டான் என்று தெருவே பேசியிருக்கும். இங்கே மஞ்சள் கடுதாசி கொடுக்கவே முதலில் காசு வேண்டும் என்று தெரிந்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

உங்கள் மொத்தக் கடன் எவ்வளவு, வீடு சொந்தமா வாடகையா என்று நீங்கள் சொல்லவில்லை. பணம் தேடப் புறப்படும் முன் அதைப் பாருங்கள். ஏனென்றால் நீங்கள் ஒரு பென்னிகூடக் கட்ட வேண்டியதில்லாமல் போகலாம். டெட் ரிலீஃப் ஆர்டர் என்று ஒன்று இருக்கிறது, திவாலாகாமலே கடனிலிருந்து விடுவிக்கும் உத்தரவு, சுருக்கமாக டி.ஆர்.ஓ. முன்பு அதற்கு 90 பவுண்டு கட்டணம் இருந்தது. 2024 ஏப்ரலில் அதை அடியோடு நீக்கிவிட்டார்கள். அதே ஆண்டு ஜூன் 28 முதல் கடன் வரம்பையும் 30,000இலிருந்து 50,000 பவுண்டாக உயர்த்தினார்கள். சொந்த வீடு இருக்கக் கூடாது. கையிருப்பும் உடைமையும் 2,000 பவுண்டுக்குள் இருக்க வேண்டும், கார் தனியாக 4,000 வரை இருக்கலாம். வீட்டுச் செலவு போக மாதம் 75 பவுண்டுக்கு மேல் மிஞ்சக் கூடாது. நேரடியாக விண்ணப்பிக்க முடியாது, அங்கீகாரம் பெற்ற ஆலோசகர் வழியாகத்தான் போக வேண்டும். சிட்டிசன்ஸ் அட்வைஸ், ஸ்டெப்சேஞ்ச் போன்ற கடன் ஆலோசனை அமைப்புகளில் அதற்குக் காசு கேட்பதில்லை. நான் விண்ணப்பித்த காலத்தில் வரம்பு 20,000 பவுண்டு. பதினோராயிரம் அதிகமாகக் கடன்பட்ட குற்றத்துக்காக நான் 680 கட்டினேன்.

சரி, டி.ஆர்.ஓ.வுக்குள் நீங்கள் அடங்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். 680இல் 130 விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் அதிகாரிக்கு, 550 உங்கள் கணக்கு வழக்கைக் கையாளப்போகும் அரசு அதிகாரியான அஃபிஷியல் ரிசீவருக்கான முன்பணம். வருமானம் குறைவு என்று சொல்லித் தள்ளுபடி கேட்க வழியில்லை. ஆனால் தவணையில் கட்டலாம். இணையத்தில் விண்ணப்பத்தைத் தொடங்கிவிட்டு ஐந்து ஐந்து பவுண்டாகக்கூடக் கட்டிக்கொண்டே போகலாம், முழுத் தொகையும் சேர்ந்த பிறகுதான் அனுப்ப முடியும்.

அந்தத் தவணைக்குப் பணம்? இலவச ஆலோசனை எண்ணில் பேசிய அம்மையார் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. “கார்டுகளுக்கு மாதம் எவ்வளவு கட்டுகிறீர்கள்?” 390 பவுண்டு என்றேன். “எப்படியும் திவால் ஆகத்தான் போகிறீர்கள் என்றால் அதை ஏன் இன்னும் கட்டுகிறீர்கள்?” என்றார். எனக்குச் சுருக்கென்றது. கட்டாவிட்டால் மானம் போய்விடும் என்று பயந்து, வட்டிக்குக்கூடப் போதாத பணத்தை மாதாமாதம் கொட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். கட்டணத்துக்கான காசு அங்கேதான் இருந்தது.

கார்டுகளுக்குக் கட்டுவதை நிறுத்துவதற்கு முன் ஒரு வேலை. எந்த வங்கியில் உங்களுக்குக் கடன் இல்லையோ அந்த வங்கியில் புதிதாக ஒரு சாதாரணக் கணக்கைத் திறந்து, சம்பளத்தை அங்கே மாற்றுங்கள். கடன் கொடுத்த வங்கியிலேயே சம்பளமும் விழுந்தால், அவர்கள் அதைக் கடனுக்கு ஈடாக எடுத்துக்கொள்ள முடியும். வாடகை, கவுன்சில் வரி, மின்சாரம், எரிவாயு ஆகியவற்றில் மட்டும் கை வைக்காதீர்கள், அவற்றைக் கட்டிக்கொண்டே இருங்கள்.

பிறகு தொலைபேசி அடிக்கத் தொடங்கும். கடிதங்கள் வரும். என் மனைவி ஒவ்வோர் உறையையும் பிரிக்காமல் காலியான பத்துக் கிலோ அரிசிப் பைக்குள் போட்டு, பையைச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் வைத்திருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைத் தரையில் கொட்டி, யாருக்கு எவ்வளவு என்று இருவரும் பிரித்து அடுக்கினோம். விண்ணப்பத்தில் அந்தப் பட்டியலைத்தான் கேட்கிறார்கள். இப்போது உங்களுக்கு ஒரு வசதி உண்டு. 2021 மே மாதம் வந்த ‘பிரீதிங் ஸ்பேஸ்’ திட்டத்தில் ஆலோசகர் மூலம் சேர்ந்தால் 60 நாள் பெரும்பாலான கடன்களுக்கு வட்டி ஏறாது, வசூல் அழைப்பும் வராது.

நகையைப் பற்றி. பவுனை விற்றுப் பவுண்டாக்கலாம் என்று எங்கள் வீட்டிலும் பேச்சு வந்தது. மனைவியின் நகை மனைவியுடையது, உங்கள் கடனுக்காக அதைத் தொடாதீர்கள். உங்கள் சங்கிலியோ மோதிரமோ என்றால் கடையில் சரியான விலைக்கு விற்று ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அக்காவுக்குப் பாதி விலைக்குக் கொடுத்தால் பிற்பாடு ரிசீவர் அதைத் தோண்டுவார். அதே போல, “வங்கி கிடக்கட்டும், சொந்தக்காரர் கடனை முதலில் அடைத்துவிடுவோம்” என்ற நம்மவர் நியாயம் இங்கே எடுபடாது. திவாலுக்கு முந்தைய இரண்டு ஆண்டுக்குள் உறவினருக்கு அப்படித் தனிச் சலுகையாகக் கொடுத்ததை அவரிடமிருந்து திரும்ப வாங்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. கார்டிலிருந்து ரொக்கம் எடுத்துக் கட்டணம் கட்டுவதை நினைத்தும் பார்க்காதீர்கள். திருப்பித் தர மாட்டோம் என்று தெரிந்தே வாங்கிய கடன், திவாலானவர் மீதுள்ள கட்டுப்பாடுகளை ஆண்டுக்கணக்கில் நீட்டித்துவிடக்கூடும்.

யாராவது திருப்பிக் கேட்காமல் கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம். என் மாமா 150 பவுண்டைக் கையில் திணித்து, “இதைக் கணக்கில் எழுதாதே” என்றார். எழுதினேன். டர்ன்டூஅஸ் என்ற தொண்டு நிறுவனத்தின் தளத்தில் உதவித்தொகை தேடும் வசதி இருக்கிறது. நீங்கள் முன்பு பார்த்த தொழிலுக்கென்று நலநிதி ஏதும் இருந்தால் அங்கேயும் கேளுங்கள். (ஸ்காட்லாந்தில் இருப்பவர்களுக்கு நடைமுறையே வேறு, இந்தப் பதில் அவர்களுக்குப் பொருந்தாது.)

கடிதங்களில் “உங்கள் கடனில் 80 சதவீதம் தள்ளுபடி” என்று ஒரு துண்டறிக்கையும் இருந்தது. தொலைபேசியில் அழைத்தேன். ஐந்து ஆண்டுத் தவணை ஒப்பந்தம் ஒன்றில் என்னைச் சேர்க்கத்தான் பார்த்தார்கள். அவர்களுடைய கட்டணம் மட்டும் சில ஆயிரம் பவுண்டு. நாகரிகமாக வைத்துவிட்டேன் என்று சொல்ல ஆசைதான்.

மூன்றாம் மாதம் கடைசி 40 பவுண்டைக் கட்டி விண்ணப்பத்தை அனுப்பினேன். சில நாளில் உத்தரவு வந்தது. அடுத்த வாரம் ரிசீவர் அலுவலகத்திலிருந்து பேசியவர் தொடக்கத்திலேயே கேட்டார், “கட்டணப் பணம் எப்படிக் கிடைத்தது?” மகளின் பழைய கணக்கு நோட்டில் தேதி, தொகை, வந்த வழி என்று மூன்று பத்தி போட்டு எழுதி வைத்திருந்தேன். மாமாவின் 150 உட்பட அப்படியே படித்துக் காட்டினேன். நீங்களும் முதல் ஐந்து பவுண்டைக் கட்டும் அன்றே ஒரு நோட்டைப் போட்டுவிடுங்கள்.