கார்ட்டை வெளியே எடுக்க முதல்

சாவகச்சேரியிலிருந்து ஓர் ஆசிரியை எழுதியிருக்கிறார். ஆரம்பப் பிரிவில் படிப்பிக்கிறார், பகுதிநேரமாகக் கல்வியியலில் முதுமாணியும் செய்கிறார். சின்ன வகுப்புப் பிள்ளைகள் எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகுவது பற்றியது அவருடைய ஆய்வு. மேற்பார்வையாளர் ஏழு ஆங்கிலக் கட்டுரைகளின் பட்டியலைக் கொடுத்து, "இதுகளைக் கட்டாயம் வாசியுங்கோ" என்று சொல்லிவிட்டார். ஏழும் வெளிநாட்டு ஆய்விதழ்களில் வந்தவை. இணையத்தில் திறந்தால் சுருக்கம் மட்டும் தெரிகிறது. மிச்சத்துக்கு 42 டொலர், 39 டொலர் என்று கேட்கிறது. கனடாவில் இருக்கும் தம்பி தன் கார்ட்டால் வாங்கித் தருவதாகச் சொல்கிறாராம். பக்கத்தில் போட்டோக்கொப்பி, இன்டர்நெட் கடை வைத்திருக்கும் கொமினிகேசன்காரரோ கட்டுரைக்கு 1,500 ரூபாய் தந்தால் எல்லாம் எடுத்துத் தருவேன் என்று சொல்லி, 2,000 ரூபாய் முற்பணமும் வாங்கிவிட்டார். "தம்பியிடம் சொல்லி வாங்குவதா, இவரிடமே விடுவதா, எது நல்லது?" என்பது கேள்வி.

ரீச்சர், இரண்டும் வேண்டாம். இப்போதைக்கு ஒரு சதமும் கொடுக்க வேண்டாம்.

ஒரு டொலரை 300 ரூபாய் என்று வைத்தாலே 42 டொலர் 12,600 ரூபாய் வருகிறது. ஏழு கட்டுரையும் இதே மாதிரி என்றால் எண்பதாயிரத்தைத் தாண்டும். இந்தக் காசு எழுதியவருக்குப் போகிறது என்று பலர் நினைக்கிறார்கள். ஆய்விதழில் எழுதுகிறவருக்கு அந்த விற்பனையில் பங்கு கிடையாது. கட்டுரையை வாசித்துத் திருத்தம் சொன்ன பேராசிரியர்களும் பெரும்பாலும் சும்மாதான் செய்து கொடுத்தார்கள். ஆராய்ச்சிக்கான பணம் அநேகமாக ஏதோ ஒரு நாட்டு மக்களின் வரி. அதையே பதிப்பாளர் பூட்டி வைத்து, திறப்பை 42 டொலருக்கு விற்கிறார். அவருக்கு உண்மையான வாடிக்கையாளர் உங்களைப் போன்ற ஆள் அல்ல, மொத்தமாகச் சந்தா கட்டும் நூலகங்கள்தான். தனிக் கட்டுரையின் விலையைப் பார்த்து நூலகம் "ஐயோ, சந்தாவே மலிவு" என்று நினைக்க வேண்டும் என்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள் என்பது முப்பது வருடம் நூலகத்தில் இருந்த என் கணிப்பு. வாசிக்கிற மனிதர் ஒருவரை மனதில் வைத்துப் போட்ட விலை அது இல்லை.

அப்படியானால் கட்டுரைக்கு என்ன வழி? எழுதியவரிடமே கேளுங்கள்.

இதைச் சொன்னால் நம் பிள்ளைகள் கூச்சப்படுகிறார்கள். "அவர் பெரிய புரொபசர், எனக்கு ஏன் பதில் போடப் போறார்?" என்கிறார்கள். போடுவார். தன் கட்டுரையை யாழ்ப்பாணத்தில் ஓர் ஆசிரியை தேடுகிறார் என்றால் அவருக்குச் சந்தோஷம். கட்டுரைப் பக்கத்தில் ஆசிரியர் பெயர்களுள் ஒன்றின் அருகே சின்னத் தபாலுறைக் குறி இருக்கும். அதை அழுத்தினால் மின்னஞ்சல் முகவரி வரும். மூன்று வரி போதும்: நான் இன்ன இடத்தில் ஆசிரியை, இன்ன ஆய்வு செய்கிறேன், உங்கள் இன்ன கட்டுரையின் பிரதி ஒன்று அனுப்ப முடியுமா. கட்டுரைத் தலைப்பை முழுதாகப் போடுங்கள், ஏனென்றால் அவரே நாற்பது கட்டுரை எழுதியிருப்பார். ஒரு கிழமை பார்த்துவிட்டு இரண்டாவது ஆசிரியருக்கு எழுதுங்கள். தனிப்பட்ட முறையில் கேட்கிறவருக்கு ஒரு பிரதி கொடுக்கப் பதிப்பாளர்களே பெரும்பாலும் அனுமதிக்கிறார்கள். ஒளித்துச் செய்ய வேண்டிய காரியம் இல்லை இது.

எழுதுவதற்கு முதல் ஐந்து நிமிடம் தேடிப் பார்க்க வேண்டும். கட்டுரைத் தலைப்பை அப்படியே, ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகிள் ஸ்கொலரில் ஒட்டுங்கள். வலப்பக்கத்தில் பிடிஎஃப் என்று இருந்தால் வேலை முடிந்தது. இல்லாவிட்டால் கீழே எல்லாப் பதிப்புகளையும் காட்டும் இணைப்பு ஒன்று இருக்கும், அதையும் திறவுங்கள். எழுதியவரின் பல்கலைக்கழக இணையக் களஞ்சியத்தில் இலவசப் பிரதி கிடப்பது அடிக்கடி நடக்கும். பதிப்பாளரின் பக்கத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இருக்காது. உங்கள் துறை கல்வியியல் என்பதால் அமெரிக்கக் கல்வித் திணைக்களத்தின் எரிக் தளத்திலும் பாருங்கள். ஜேஸ்ரோர் என்ற ஆய்விதழ்க் களஞ்சியத்தில் இலவசக் கணக்குத் திறந்தால் 30 நாளைக்கு 100 கட்டுரை வரை திரையில் வாசிக்கலாம். இறக்கி வைக்க முடியாது, வாசிக்கலாம். அன்பேவோல் என்று ஒரு சின்னச் செருகி இருக்கிறது, அதை உலாவியில் போட்டுவிட்டால், சட்டப்படியான இலவசப் பிரதி உள்ள கட்டுரைகளுக்குப் பச்சைப் பூட்டுக் காட்டும். நம் நாட்டு ஆய்விதழ்கள் பல ஶ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன் தளத்தில் இலவசமாகவே கிடக்கின்றன. தேசிய விஞ்ஞான மன்றம் நடத்துவது. உங்கள் மேற்பார்வையாளரின் பட்டியலில் ஓர் உள்நாட்டுக் கட்டுரைகூட இல்லையே என்று எனக்கொரு சின்ன மனக்குறை, அது வேறு கதை.

பதிப்பாளரின் அனுமதியில்லாமல் மதிலேறிக் குதித்துக் கட்டுரை எடுத்துத் தரும் தளங்களைப் பற்றியும் கேட்பீர்கள். நூலகராக இருந்தவன், அதை எழுதமாட்டேன்.

சரி, கொமினிகேசன்காரருக்கு வருவோம். எனக்கு ஆத்திரம் வருகிற இடம் இதுதான். சில வருடங்களுக்கு முன் ஒரு பிள்ளை 1,500 ரூபாய் கொடுத்து வாங்கிய கட்டுரையை என்னிடம் கொண்டுவந்தார். முதற் பக்கத்தின் அடியில் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமம் என்று அச்சிட்டிருந்தது. யாரும் எடுக்கலாம், யாருக்கும் கொடுக்கலாம் என்பது அதன் அர்த்தம். இலவசமாகக் கிடந்ததை இறக்கி, அச்சடித்து, பைலில் போட்டு 1,500 ரூபாய். அச்சடித்த கூலி நூறு ரூபாயென்றால் கொடுக்கலாம். பிள்ளைக்கு ஆங்கிலப் பக்கத்தைப் பார்த்த பயம், அவருக்கு அந்தப் பயம் வியாபாரம். உங்கள் ஏழு கட்டுரையிலும் இரண்டு மூன்றாவது எங்காவது இலவசமாகக் கிடக்கும் என்று நினைக்கிறேன்.

இதே ஆட்கள் அடுத்த முறை உங்களிடம் வேறொன்று விற்பார்கள்: "ரீச்சர், உங்கட ஆய்வை சர்வதேச ஜேர்னலில போட்டுத் தாறன், இருபத்தையாயிரம் தாங்கோ." கிழமைக்குள் வந்துவிடும் என்பார்கள். மதிப்பீடு எதுவும் செய்யாமல் காசுக்குப் போடும் இதழ்கள் இருக்கின்றன, பெயர் மட்டும் பெரிதாக இருக்கும். அதில் வந்த கட்டுரையைப் பிறகு எடுக்கவும் முடியாது, வேறெங்கும் போடவும் முடியாது. அந்தப் பேச்சு வந்தால் கடையை விட்டு வெளியே வாருங்கள்.

இன்னொன்று, கார்ட். கடைக் கணினியில் தம்பியின் கார்ட் இலக்கத்தை அடிப்பது, போனுக்கு வரும் ஓடிபியைக் கடைக்காரருக்கு வாசித்துக் காட்டுவது, இரண்டையும் நினைத்தும் பார்க்க வேண்டாம். கணினி அந்த இலக்கத்தை நினைவில் வைத்திருக்கலாம், கடைக்காரர் நல்லவராக இருந்தாலும் அடுத்து வந்து இருக்கிறவர் யாரென்று தெரியாது. ஓடிபி உங்கள் வீட்டுத் திறப்பு, அதை ஏன் மற்றவரிடம் கொடுப்பான்?

வாங்கியே ஆக வேண்டும் என்று வந்தால் இரண்டைப் பாருங்கள். முதலாவது, பக்க இலக்கம். நான் ஒருமுறை ஏமாந்தேன். மிகவும் தேவையான கட்டுரை என்று நினைத்து, நண்பரின் கார்ட்டில் 30 டொலர் கட்டி வாங்கினேன். வந்தது இரண்டு பக்க நூல் மதிப்புரை. தலைப்பு அச்சொட்டாக ஒன்றே, ஏனென்றால் மதிப்புரைக்கு அந்த நூலின் தலைப்பையே போட்டிருந்தார்கள். முப்பது பக்கக் கட்டுரைக்கும் இரண்டு பக்க மதிப்புரைக்கும் ஒரே விலை. காசைத் திருப்பிக் கேட்டேன், கணினி எழுதிய பதில் ஒன்று வந்தது, அவ்வளவுதான். தலைப்பின் கீழே 211–212 என்று இருந்தால் கையை எடுங்கள். இரண்டாவது, எதை வாங்குகிறீர்கள் என்பது. சில பதிப்பாளர்கள் 48 மணித்தியாலம் திரையில் மட்டும் பார்க்க ஒரு விலை, இறக்கி வைக்க இன்னொரு விலை வைத்திருக்கிறார்கள். மலிவானதை அழுத்திவிட்டு மூன்றாம் நாள் தேடினால் கட்டுரை இராது.

சஞ்சிகைக் கட்டுரைகளில் கதை வேறு. பெரிய ஆங்கிலச் சஞ்சிகைகள் தனிக் கட்டுரையை விற்பதே அரிது. முதல் மாதம் ஒரு டொலர் என்று சந்தாவுக்குள் இழுத்துவிடும், பிறகு கார்ட்டில் மாதா மாதம் கழியும். நெதர்லாந்தில் பிளெண்டில் என்ற நிறுவனம் 2014 இல் பத்திரிகை, சஞ்சிகைக் கட்டுரைகளைச் சில்லறைக் காசுக்கு ஒவ்வொன்றாக விற்கத் தொடங்கியது. வாசித்துப் பிடிக்காவிட்டால் காசு திரும்பவும் தந்தார்கள். எவ்வளவு நியாயமான ஏற்பாடு! 2019 இல் அவர்களும் கைவிட்டுச் சந்தாவுக்கே போனார்கள். நியாய விலைக்கு ஒரு கட்டுரை என்பது உலகத்துக்கு ஏனோ சரிவரவில்லை.

கடிதத்தின் அடியில், பழைய மல்லிகை இதழ்களிலிருந்து கட்டுரைகளை ஒருவர் வட்ஸ்அப்பில் ஒன்று 500 ரூபாய்க்கு விற்கிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். 1966 இல் இதே யாழ்ப்பாணத்தில் தொடங்கிய சஞ்சிகை அது. அதன் இதழ்கள் பல 'நூலகம்' என்ற வலைத்தளத்தில் முழுதாக இருக்கின்றன, இலவசம். 2005 இலிருந்து தன்னார்வலர்கள் ஒவ்வொரு பக்கமாக ஸ்கான் பண்ணி ஏற்றியவை. அந்த உழைப்பை ஒருவர் இறக்கி 500 ரூபாய்க்கு விற்கிறார். அவரைத் தடைசெய்துவிட்டு நூலகத்தைத் திறவுங்கள்.

இனி ஒரு சிக்கல். எழுதியவர் அனுப்பும் பிரதி, பெரும்பாலும் இதழில் அச்சான வடிவமாக இராது. வேர்ட்டில் அடித்து, மதிப்பீடு முடிந்து, இதழ் ஏற்றுக்கொண்ட பிரதியாக இருக்கலாம். உள்ளடக்கம் அதுதான், பக்கம்தான் வேறு. அச்சில் 211 முதல் 234 வரை ஓடும் கட்டுரை, இந்தப் பிரதியில் 1 முதல் 28 வரை ஓடும். நீங்கள் மேற்கோள் எடுத்து "பக்கம் 14" என்று போட்டால் பரீட்சகர் இதழைத் திறந்து பார்ப்பார், அங்கே 14ஆம் பக்கத்தில் வேறொருவருடைய கட்டுரை இருக்கும். பிறகு வாய்மொழிப் பரீட்சையில் நிற்பது நீங்கள். ஆகவே கருத்தைச் சொந்த வார்த்தையில் எழுதினால் பக்கம் தேவையில்லை, எழுதியவரின் பெயரும் ஆண்டும் போதும். சொல்லுக்குச் சொல் மேற்கோள் எடுத்தால் மட்டும் பிரச்சினை. அப்போது எந்த உபதலைப்பின் கீழ் எத்தனையாவது பந்தி என்று போடலாம், ஏபிஏ என்ற மேற்கோள் முறை பக்கமில்லாதவற்றுக்கு அதை ஏற்கிறது. அல்லது அதே ஆசிரியருக்கு இன்னொரு வரி எழுதி, இந்த வசனம் அச்சில் எத்தனையாம் பக்கம் என்று கேளுங்கள். இதோடு முடியவில்லை. சிலர் மதிப்பீட்டுக்கு அனுப்ப முதல் இருந்த முன்பிரதியை அனுப்பிவிடுவார்கள். அதில் முடிவுகளே பிறகு மாறியிருக்கலாம். பிரதியின் முதற் பக்கத்தில் ஏற்றுக்கொண்ட திகதி இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் சுருக்கத்தை இதழில் உள்ள சுருக்கத்தோடு ஒப்பிடுங்கள். எண்கள் வேறாக இருந்தால் அதை வைத்து எதுவும் எழுதாதீர்கள்.

நூலகரிடமும் போங்கள். எந்தப் பல்கலைக்கழகத்தில் பதிந்தீர்கள் என்று எழுதவில்லை. எதுவானாலும் மாணவர் அட்டை உங்களிடம் இருக்கிறது, கட்டணமும் கட்டியிருக்கிறீர்கள். ரிசேர்ச் ஃபோர் லைஃப் திட்டத்தில் நிறுவனம் பதிந்திருக்கிறதா என்று கேளுங்கள். வருமானம் குறைந்த நாடுகளுக்கு இலவசமாகவோ மலிவாகவோ ஆய்விதழ்களைத் தரும் திட்டம், 2002 இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஹினாரி என்ற மருத்துவ ஆய்விதழ்த் திட்டத்தோடு தொடங்கியது. தனியாள் சேர முடியாது, நிறுவனம்தான் சேரலாம். நூலகத்திடம் கடவுச்சொல் இருந்தும் பகுதிநேர மாணவர்களுக்கு அதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. சனி ஞாயிறு மட்டும் வரும் ஆசிரியர்களுக்குக் கருமபீடம் மூடியிருக்கும், திங்கள் வரச் சொல்வார்கள், திங்கள் உங்களுக்குப் பள்ளிக்கூடம். முப்பது வருடம் நானும் அந்தக் கருமபீடத்துக்குப் பின்னால் இருந்தவன்தான், குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு. போனில் எடுத்து, பட்டியலை மின்னஞ்சலில் அனுப்பலாமா என்று கேளுங்கள்.

இவ்வளவும் செய்து இரண்டு கிழமைக்குப் பிறகும் கிடைக்காமல் ஒன்று மிஞ்சினால், அதை மட்டும் தம்பியை வாங்கச் சொல்லுங்கள், அவருடைய வீட்டுக் கணினியில்.

கொமினிகேசன்காரரிடம் கொடுத்த 2,000 ரூபாயைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சண்டை பிடிக்க வேண்டாம், திருப்பித் தரமாட்டார். உங்கள் ஆய்வேட்டைக் கடைசியில் எங்கேயாவது பைண்ட் பண்ணத்தானே வேண்டும், அதில் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள். இப்போதே ஒரு துண்டில் எழுதி வாங்கிவிடுங்கள்.