விழித்திருக்கும்போதே தலையில் துளையா?

கேள்வி: அப்பாவுக்கு 76 வயது. காது கொஞ்சம் மந்தம். இரண்டு மாதங்களுக்கு முன் கொல்லைப் படியில் வழுக்கி விழுந்தார். நெற்றியில் சின்ன வீக்கம்தான், நாங்களும் மறந்துவிட்டோம். இப்போது இடது கால் செருப்பு தானாகக் கழன்றுவிடுகிறது. சாப்பிட்டது கூட நினைவிருப்பதில்லை. வலப்பக்கம் மூளைக்கு மேல் பழைய ரத்தம் தேங்கியிருப்பதாக ஸ்கேனில் தெரிந்தது. மரத்துப்போகும் ஊசி போட்டே துளையிட்டு எடுத்துவிடலாம் என்கிறார்கள். முழு மயக்கம் இல்லாமல் மூளையில் கை வைக்கலாமா? செலவைக் குறைக்கப் பார்க்கிறார்களோ என்று மாமாவுக்குச் சந்தேகம்.
– ஒரு மகள், கும்பகோணம்

பதில்: மயக்க மருந்து கொடுத்தே முப்பது ஆண்டுகள் பிழைத்தவன் நான். முழு மயக்கம் தேவையில்லை என்று சொல்வதால் எனக்கு ஒரு லாபமும் இல்லை என்பதை மாமாவிடம் சொல்லுங்கள்.

மூளையில் யாரும் கை வைக்கப் போவதில்லை, அம்மா. மண்டை ஓட்டுக்கு உட்புறம் டியூரா என்றொரு தடித்த உறை உண்டு. வயதானால் மூளை சற்றுச் சுருங்குவதால், மூளைக்கும் அந்த உறைக்கும் இடையே ஓடும் மெல்லிய ரத்தக் குழாய்கள் இழுபட்டு நிற்கும். சிறிய அடி பட்டாலே கசியும். வாரக்கணக்கில் தேங்கிய ரத்தம் பழைய எஞ்சின் ஆயில் போலக் கறுத்துவிடும். விரல் நுனி அளவில் ஒன்றிரண்டு துளை போட்டு, உறையைக் கீறி, அதை வடியவிட்டு உப்புநீரால் கழுவுவார்கள். பிறகு இரண்டு நாள் ஒரு மெல்லிய குழாய் தொங்கும். அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். 2009இல் வெளியான கேம்பிரிட்ஜ் ஆய்வில், குழாய் வைக்காதவர்களில் 24 சதவீதம் பேருக்கு மீண்டும் தேங்கியது. வைத்தவர்களில் 9 சதவீதம் பேருக்குத்தான்.

மூளைக்கு வலி தெரியாது. தோலுக்கும், எலும்பின் மேல் சவ்வுக்கும், உறைக்கும் தெரியும். விழித்திருந்த நோயாளிகளின் மூளையை மின்சாரத்தால் தூண்டி, என்ன உணர்கிறார்கள் என்று அமெரிக்க மூளை அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் கேட்டு எழுதியது 1909இல். ஆகவே இது புதுச் சிக்கன யோசனை அல்ல.

மரத்துப்போக வைக்கும் லிக்னோகெயின் ஊசி ஏறும்போது எரியும். அப்புறம் அழுத்தமும் சத்தமும்தான். சத்தம் பெரிதாகவே இருக்கும். துளை போடும் கருவி நின்றதும், மேசையில் படுத்திருந்த ஒரு விவசாயி என்னிடம் கேட்டார்: “தண்ணீர் வந்துவிட்டதா?” அவர் ஊரில் அந்த வருடம் எத்தனை ஆழ்துளைக் கிணறு பொய்த்ததோ!

முழு மயக்கம் என்றால் தொண்டையில் குழாய், செயற்கைச் சுவாசம், மயக்கம் ஏறும்போது ரத்த அழுத்தம் சரியும் அபாயம். இந்த வயதில் விழித்த பிறகு சில நாள் குழப்பமும் வரலாம். ஏற்கெனவே மறதியில் இருப்பவரிடம் அது மருந்தின் வேலையா, மறுபடி தேங்கிய ரத்தத்தின் வேலையா என்று பிரித்தறிய நாங்களே திணறுவோம். மரத்துப்போகும் ஊசி என்றால் மேசையிலேயே “இடது காலைத் தூக்குங்கள்” என்று சொல்லிப் பார்க்கலாம்.

ஆனால் அவர் அசையாமல் படுக்க வேண்டும். படபடப்பு, விடாத இருமல், சொன்னது புரியாத நிலை இருந்தால் முழு மயக்கமே நல்லது. ரத்தம் கட்டியாக உறைந்து, எலும்பைப் பெரிதாகத் திறக்க வேண்டியிருந்தாலும் அப்படித்தான். ஒருமுறை பாதியில் எழப் பார்த்த பெரியவருக்கு, தலையை மூடியிருந்த பச்சைத் துணிக்கடியில் குனிந்து சுவாசக் குழாய் போட்டேன். முதலிலேயே மயக்கியிருக்க வேண்டும். கணிப்புத் தவறு என்னுடையது. இப்படி நேரலாம் என்பதால்தான், மரத்துப்போகும் ஊசிதானே என்று காலையில் இட்லி கொடுத்துவிடக் கூடாது. திட உணவை நிறுத்தி ஆறு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும்.

ஆஸ்பிரின் போல ரத்தத்தை இளக்கும் மாத்திரை எது சாப்பிட்டாலும் இன்றே சொல்லிவிடுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். தூக்கம் கூடினாலோ வாந்தி எடுத்தாலோ தேதிக்காகக் காத்திராமல் உடனே அழைத்துச் செல்லுங்கள்.

அப்பாவை வீட்டிலேயே தலையை இடப்பக்கம் திருப்பி அரைமணி நேரம் படுக்கவைத்துப் பாருங்கள். முடிகிறதா இல்லையா என்பதை மயக்க மருத்துவரிடம் சொன்னால் அவர் முடிவெடுக்க உதவும். காது விஷயத்தையும் மறக்காமல் சொல்லுங்கள். அறுவையின்போது இடது காது தலையணையில் அமுங்கியிருக்கும், வலது காது துணிக்குள் போய்விடும். அதனால், கையை அழுத்தினால் “அசையாதீர்கள்” என்று பொருள் என முன்னாலேயே அவரிடம் பேசிவைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.