இடுப்பு வலி: டாக்டரிடம் போகலாமா, பொறுத்துப் பார்க்கலாமா?

கேள்வி: எனக்கு 41 வயது. ஜவுளிக் கடையில் வேலை. மூன்று வாரமாக இடுப்பு வலி. தைலம் தேய்த்தும் காலையில் குனிந்து கோலம் போட முடியவில்லை. “எல்லாருக்கும் வர்றதுதானே” என்கிறார் கணவர். பக்கத்து வீட்டு அக்கா உடனே எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்கிறார். டாக்டரிடம் போகவா, வேண்டாமா?

பதில்: போங்கள். மூன்று வாரமாகக் குனிய முடியவில்லை என்பதே போதுமான காரணம்.

என்னிடம் இடுப்பு வலி என்று வருகிறவர்களில் பலர் மாதக்கணக்கில் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தவர்கள். ஏதோ ஒரு வேலை நின்றுபோகிற அன்றுதான் வருகிறார்கள். பேரனைத் தூக்க முடியவில்லை என்று ஒரு பாட்டி வந்தார். இன்னும் சிலரைக் கூட்டி வருவது பயம். ஒரு கொத்தனார் மடித்து வைத்திருந்த ஸ்கேன் ரிப்போர்ட்டை நீட்டினார். ‘டிஸ்க் பல்ஜ்’ (முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் ஜவ்வு பிதுங்கியிருப்பது) என்ற இடத்தில் யாரோ பேனாவால் கோடு போட்டிருந்தார்கள். மனைவி மாத்திரை வாங்கப் போனதும், “சார், இனிமே மூட்டை தூக்கவே முடியாதா?” என்று மெதுவாகக் கேட்டார். அந்தப் பயத்திலேயே ஒரு மாதம் படுத்துக் கிடந்திருக்கிறார். படுக்கையில் தசை இளைத்து வலி கூடியதுதான் மிச்சம்.

வலியே இல்லாத 50 வயதுக்காரர்களை ஸ்கேன் எடுத்தாலும் பத்தில் எட்டுப் பேருக்கு ஜவ்வுத் தேய்மானம் தெரியும். அதனால் அந்த அக்கா சொல்கிற எம்.ஆர்.ஐ. இப்போதைக்கு வேண்டாம். முதலில் டாக்டர் உங்களைத் தொட்டுப் பார்த்து, காலைத் தூக்கச் சொல்லிப் பார்க்கட்டும். நீங்களும் “வலிக்குது” என்பதோடு நிறுத்தாமல், எந்த வேலை நின்றுபோனது, மனசில் என்ன பயம் இருக்கிறது என்று சொல்லுங்கள். எனக்கெல்லாம் பாதி விஷயம் அதில்தான் பிடிபடும்.

ஆனால் சிறுநீர் வராமல் அடைத்தாலோ, தெரியாமலே போனாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, பாதத்தைத் தூக்க முடியாமல் செருப்பு நழுவினாலோ ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, ராத்திரி தூங்கவிடாத வலி, முன்பு புற்றுநோய் வந்திருப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காமல் காட்டுங்கள். நம் ஊரில் முதுகெலும்பில் டி.பி. வருவதும் உண்டு.

இவை எதுவும் இல்லையென்றால் பெரும்பாலும் ஆறு வாரத்துக்குள் நன்றாகக் குறைந்துவிடும். அதுவரை வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள், முடிந்த அளவு நடங்கள். மெடிக்கலில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையைத் தினமும் போடாதீர்கள். வயிறும் சிறுநீரகமும் கெடும்.

அப்புறம், நாள் முழுக்க நின்றுகொண்டேதான் வேலையா? கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-லேயே தமிழ்நாட்டில் சட்டம் திருத்தியாயிற்று. கடையில் ஒரு ஸ்டூல் கேளுங்கள். அதற்கு டாக்டர் சீட்டெல்லாம் தேவையில்லை.